பின்தெரு வாசனை

பெரம்பலூருக்கு ரயில் வராததை ஒரு குறையாக நான் என்றைக்கும் நினைத்ததில்லை. அரியலூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, 'எங்க ஊர்ல ஸ்டேஷன் இருக்கு' என்று மார் நிமிர்த்துவார்கள். நிமிர்த்தட்டும். ரயில் இல்லாத ஊரில்தான் ஜீப் ஓடும், லாரி ஓடும், மொபெட் ஓடும். அத்தனையும் ஓட வேண்டுமென்றால் ஒருவன் ரோட்டோரத்தில் பெட்ரோல் பங்க் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். இளையபெருமாள் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். பங்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள்.

நீங்கள் பழைய டேங்க்கைப் பற்றி விசாரணைக்குத்தான் வந்திருக்கிறீர்கள், சார். தோண்டி எடுத்துக் கொல்லையில் போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டீர்கள். அடியில் தகடு சேர்கிற தையலில் துரு தின்று, ஊசி நுழைகிற மாதிரி மூன்று ஓட்டைகள். அதையும் பார்த்துவிட்டீர்கள். 'இது உங்களுக்கு எப்போது தெரியும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் போலத் தோன்றிவிடும். அதனால் விவரமாகச் சொல்கிறேன். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், காற்று நன்றாக வரும்.

பங்க் போட்டது எழுபத்திரண்டில். பின்தெரு என்று நாங்கள் சொல்லுகிற தெரு அதற்கு முன்பே இருந்தது. பங்க்கின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், முப்பது நாற்பது வீடுகள். அந்தத் தெருவுக்கெல்லாம் சேர்த்து ஒரே டெலிபோன், இதோ இந்த மேஜையில் இருக்கிறதே, இதுதான். மெட்ராஸில் வேலை பார்க்கிற மகன் கூப்பிடுவான், மணப்பாறையில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். நான் ஆள் அனுப்பிக் கூட்டி வரச் சொல்வேன். ஆள் இல்லாவிட்டால் நானே நடந்து போய்ச் சேதி சொல்லுவேன். பிறந்தது, செத்தது, பாஸானது, பெயிலானது எல்லாம் என் வாய் வழியாகத்தான் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறது. அதனால் நான் பின்தெருவில் நடந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். நான் எழுந்திருக்கச் சொன்னதில்லை. அவர்களாக நிற்பார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எண்பத்தைந்து கார்த்திகையில்தான் வாசனைப் பேச்சு ஆரம்பித்தது. அந்த வருஷம் நல்ல மழை. மழை விட்டதும் பின்தெருவில் ஒவ்வொருவராகத் தலைவலி என்றார்கள். கண் எரிகிறது என்றார்கள். ரெங்கம்மாள் என்று ஒரு அம்மாள், மதில் சுவரை ஒட்டிய வீடு, குரலுக்கு மைக் தேவையில்லை. அவள்தான் முதலில் தெருவில் இறங்கிக் கத்தினாள்.

"அடுப்படில நின்னா தலை கிர்ருங்குது. சோத்துல வாடை அடிக்குது, மோருல வாடை அடிக்குது. எந்தப் பய என் வூட்டுக்குள்ள வெஷத்த வுடறான்னு தெரியல."

போபாலில் நடந்தது எல்லார் மனதிலும் இருந்த சமயம் அது. வாயு என்ற வார்த்தையைக் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தார்கள். யார் விடுகிறார்கள் என்று கேட்டபோது, எல்லார் விரலும் ஒரே இடத்தைக் காட்டியது. தெருக்கோடியில் ராசாங்கத்தின் பெயிண்ட் பட்டறை.

ராசாங்கம் பூலாம்பாடிப் பக்கம். அவன் அப்பா தர்மன் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். இவன் திருச்சியில் ஒரு பட்டறையில் நின்று லாரிக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொண்டு, எண்பதில் இங்கே வந்து சொந்தமாகத் தொடங்கினான். கை சுத்தம். லாரியின் நெற்றியில் அவன் எழுதுகிற எழுத்தைப் பார்ப்பதற்கென்றே டிரைவர்கள் சுற்றிக்கொண்டு வருவார்கள். என் பங்க்கின் போர்டு அவன் எழுதியதுதான், வெளியே போகும்போது பாருங்கள். அவனை எனக்குப் பிடிக்கும். அது எழுத்தில் பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெயிண்ட்டில் தின்னர் கலப்பார்கள். தின்னர் வாசனை மூக்கில் குத்தும். ஆகையால் தெரு அவனைக் காட்டியதில் ஆச்சரியம் இல்லை. அவன் அந்தத் தெருவில் பட்டறை போட்டதே பல பேருக்குக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் தின்னர் அல்ல. விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இந்த ஜில்லாக்காரர்தான்.

மனு எழுத என்னிடம் வந்தார்கள். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். 'மேற்படி பட்டறையிலிருந்து வெளியாகும் நச்சு வாயுவால்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். பங்குனிக்குள் அவன் பட்டறையைக் காலி செய்ய வேண்டும் என்று தெருப் பெரியவர்கள் கெடு வைத்திருந்தார்கள், அதையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து ராசாங்கம் வந்து நின்றான். கையில் சிவப்புப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"மொதலாளி, மனுவ நீங்களே எழுதுனீங்களாமே."

"எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானேடா இருக்கேன். வந்து நின்னா மாட்டேன்னா சொல்றது?"

"அதுவும் சரிதாங்க," என்றான். அவனிடம் அதுதான் நல்ல குணம். எதைச் சொன்னாலும் அதில் ஒரு சரி கண்டுபிடித்துவிடுவான். "ஆனா பட்டறைய எடுத்துட்டா நான் எங்கங்க போவேன்? வேற எந்தத் தெருவுல எடம் குடுப்பாங்க?"

பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மனுவை எழுதும்போது டேங்க் ஒழுகுவது எனக்குத் தெரியும். ஐப்பசியிலேயே தெரியும். பங்க்கில் கண்ணையன் என்று ஒருவர் இருக்கிறார், எனக்கு வயதில் மூத்தவர். தினமும் காலையில் அளவுக் கோலை டேங்க்கில் விட்டு எடுத்துப் பார்ப்பது அவர் வேலை. ஒரு நாள் கோலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "ராத்திரி ஒரு சொட்டு விக்கல, அரை வெரக்கடை கொறையுது மொதலாளி." ஆவியாகப் போகிறது, பெட்ரோல் என்றால் அப்படித்தான் என்றேன். அது பொய் என்று நீங்கள் எழுதிவிட வேண்டாம். ஆவியாகத்தான் போயிற்று. போன இடம் ரெங்கம்மாள் வீட்டு அடுப்படி, அவ்வளவுதான்.

மனு கலெக்டர் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், தை மாதம் ஒரு ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது. சாமிதுரை. திருச்சியில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். சொந்த ஊர் அரியலூர், ஆகவே ரயில் பெருமையோடுதான் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய பை. நான் எதிர்பார்த்தது ஒரு அதிகாரியை. இவர் வந்ததும் வராததுமாக, "அண்ணே, கொஞ்சம் நூல் கெடைக்குமா?" என்று கேட்டார்.

அவர் வேலையைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். விரல் நீளத்தில் கண்ணாடிக் குழாய்கள். அதற்குள் கரித்தூள், அதுவும் நம் கொட்டாங்கச்சிக் கரிதான். ஒரு சின்னப் பம்ப் வைத்து அந்தக் கரி வழியாகக் காற்றை இழுப்பார். காற்றில் கலந்திருக்கிற ஆவியெல்லாம் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். காலேஜில் கொண்டுபோய் மெஷினில் வைத்தால் எந்தெந்த ஆவி, எவ்வளவு என்று ஒரு ஊசி காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். "தெருவுல பத்து வாசனை கலந்து கெடக்கும் அண்ணே. மூக்கால பிரிக்க முடியாது. இது பிரிச்சுடும்," என்றார். ஆறு இடத்தில் ஆறு குழாய். ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர் எழுதி ஒரு சீட்டு. ஸ்டூல் கொடுத்தது நான், நூல் கொடுத்தது நான், வீட்டு வாசல்களில் நின்று 'இவர் நல்லதுக்குத்தான் வந்திருக்கிறார்' என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்தது நான்.

மத்தியானம் குழாய்களை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். அப்போது இரண்டு சீட்டுகளை மாற்றிக் கட்டினேன். பட்டறைக் குழாயில் ரெங்கம்மாள் வீட்டுச் சீட்டு, ரெங்கம்மாள் வீட்டுக் குழாயில் பட்டறைச் சீட்டு. ரெங்கம்மாள் அடுப்படியில் தின்னர் இருக்கிறது என்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மறுபக்கத்தை நினைக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே எனக்கு விஞ்ஞானம் வந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னண்ணே உங்க ஊரு. ரெங்கம்மா அடுப்படில லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க, ராசாங்கம் பட்டறையில பெட்ரோல் பொங்குது!" நானும் சேர்ந்து சிரித்தேன். தான்தான் சீட்டை மாற்றிக் கட்டிவிட்டதாக நினைத்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். மறுபடியும் ஆறு குழாய் வைத்தார். இந்தத் தடவை குழாய்களைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே சாப்பிடப் போனார். என்மேல் சந்தேகப்பட்டு அல்ல, தன்மேல் சந்தேகப்பட்டு. நல்லவர்களுக்கு இது ஒரு வியாதி.

மாசி பிறந்ததும் காகிதங்களோடு வந்தார். இதோ, இந்த இடத்தில்தான் விரித்துப் போட்டார்.

"இது தின்னர். பாருங்க, பொட்டல்ல ரெண்டு பனைமரம் நின்ன மாதிரி ரெண்டு கோடு. இது பெட்ரோல். சின்னதும் பெருசுமா நெறைய, நம்ம பச்சமலை மாதிரி. தின்னர் வாடை பட்டறை வாசல்லேருந்து பத்தடி தாண்டலண்ணே. மத்த எடமெல்லாம் பச்சமலைதான். ரெங்கம்மா வூட்டுக் கொல்லைக் கெணத்த நெருங்க நெருங்க மலை ஒசந்துக்கிட்டே போவுது."

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துக் குழாய் வந்த பிறகு யாரும் அதில் இறைப்பதில்லை. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று பலகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள். மழைக்கு ஊற்று மேலே ஏறியபோது, என் டேங்க்கிலிருந்து மண்ணுக்குள் இறங்கியது அந்தத் தண்ணீர் மேல் போய்ப் படிந்திருக்கிறது. கல்லின் சந்து வழியாக ஆவி தெருவுக்கு வந்திருக்கிறது. சாமிதுரை இதையெல்லாம் மெதுவாக, எனக்கு வலிக்காமல் சொன்னார்.

"ஒங்க டேங்க்லேருந்துதான் வருதுன்னு நெனைக்கிறேண்ணே. ஒங்க மேல தப்பே இல்ல. பதினாலு வருசமா மண்ணுக்குள்ள கெடக்குற இரும்பு, என்ன பண்ணும்? கெணத்துத் தண்ணிக்கு மேல ஒரு தடவ காத்தப் புடிச்சுப் பாத்துட்டா உறுதியா எழுதிடுவேன். அதுவரைக்கும் வெளில சொல்ல மாட்டேன். ராசாங்கத்துட்ட மட்டும், உன் பட்டறை காரணமில்லன்னு சொல்லிட்டேன். பாவம், தூங்கலையாம்."

அவர் போன பிறகு நான் நிதானமாக யோசித்தேன். டேங்க்கைத் தோண்டினால் பங்க்கை மூன்று மாதம் மூட வேண்டும். ஆஸ்பத்திரி ஜீப் எங்கே பெட்ரோல் போடும்? போலீஸ் ஜீப்? ஊருக்கு எவ்வளவு சிரமம்! இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதனால் நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். ஜீப் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. மனுவை எழுதிய கை என்னுடையது. தெரிந்தே எழுதினான் என்று வெளியே வந்தால் ரெங்கம்மாள் தெருவில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். நான் நடக்கும்போது பின்தெருவில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள்.

கிணற்றில் தண்ணீருக்கு மேல் கண்ணாடிக் குழாயைக் கட்ட ஒரு ஆள் இறங்க வேண்டும். ராசாங்கம் நானே இறங்குகிறேன் என்று முன்னால் வந்தான். அவன் பெயருக்கு வந்த களங்கம், அவனே இறங்கித் துடைக்க வேண்டுமாம். ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது.

அன்று காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. திருச்சியிலிருந்து சாமிதுரை. ஒரே மூச்சாகப் பேசினார். "அண்ணே, பதினொரு மணிக்கு வந்துடுவேன். கல்லை மட்டும் எடுத்து வெக்கச் சொல்லுங்க, நான் வர்ற வரைக்கும் யாரும் எறங்க வேணாம். முக்கியமா ஒண்ணு. நம்ம பக்கம் வெளக்கு எறக்கிப் பாப்பாங்கல்ல, அது கூடவே கூடாது. தீக்குச்சிகூடக் கிட்ட வரக் கூடாது. நேத்தே அவன்ட்ட சொல்லியிருக்கணும், தோணாமப் போச்சு. இப்பவே ஆள் அனுப்பிச் சொல்லிடுங்கண்ணே, ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். மூடிக் கிடந்த கிணற்றில் இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா இறங்க மாட்டார்கள். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் கீழே கெட்ட காற்று, இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த வழக்கம் அது. கெட்ட காற்றுக்குச் சரி. பெட்ரோல் ஆவிக்கு அந்த விளக்கு என்ன செய்யும் என்பதை வழக்கம் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரியும். பங்க்காரனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"யாருங்க போன்ல?" என்று கண்ணையன் கேட்டார். "சாமிதுரை சார். பதினொரு மணி பஸ்ஸுல வர்றாராம்," என்றேன். அது உண்மை.

போலீசில் நான் சொன்னது உங்கள் காகிதக் கட்டுக்குள் இருக்கும். நான் பின்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ராசாங்கம் விளக்கை இறக்கிவிட்டான், நான் கத்தினேன், அவன் காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதில் சில திருத்தங்கள் இருக்கின்றன.

நான் போனபோது அவனும் வேறு இரண்டு ஆட்களும் கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பிக்கொண்டிருந்தார்கள். கல் நகர்ந்ததும் வாடை குப்பென்று ஏறியது. ரெங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். நான் அவளையும், வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகளையும், அந்த இரண்டு ஆட்களையும் தெருமுனைக்குப் போகச் சொன்னேன். வீடுகளில் அடுப்பை அணைக்கச் சொன்னேன். எல்லாரும் போனார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை நீங்கள் எழுதவில்லையென்றால் நான் வருத்தப்படுவேன்.

விளக்கு ராசாங்கத்துடையது. கயிறும் அவன் கொண்டுவந்தது. வழக்கப்படி விளக்கைக் கட்டித் தயாராகத்தான் வைத்திருந்தான். ஆனால் ஏற்றவில்லை. கிணற்றின் விளிம்பில் குனிந்து முகர்ந்து பார்த்தான். தின்னரும் பெயிண்ட்டும் பழகிய மூக்கு அல்லவா.

"மொதலாளி, இது பெட்ரோல் வாடை மாதிரில்ல இருக்கு. வெளக்கு வேணாங்களே. சார் வந்துடட்டுமே."

"பெட்ரோல் வாடை எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா? பத்து வருசம் மூடிக் கெடந்த கெணறுடா. அப்படித்தான் வரும்."

"அதுவும் சரிதாங்க," என்று சிரித்தான். ஆனாலும் ஏற்றவில்லை. "சார் போன்ல ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னாரு. வெளக்க எறக்கிப் பாக்காம ஒரு ஆளும் எறங்கக் கூடாதுன்னாரு."

அதற்குப் பிறகு அவன் தயங்கவில்லை. சார் சொல்லிவிட்டார், மொதலாளி சொல்லிவிட்டார். இடுப்பில் தடவிப் பார்த்தான், தீப்பெட்டி இல்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன். பதினாலு வருஷத்தில் என் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது அந்த ஒரு நாள்தான். வருகிற வழியில் பெட்டிக்கடையில் வாங்கினேன். கிணற்றுக்குக் கிட்டே வேண்டாம், அந்தச் சுவரோரம் போய் ஏற்று, இங்கே காற்று அடிக்கிறது என்றேன். கொளுத்துகிறபோதே வெடித்துவிட்டால் நானும் பக்கத்தில் நின்றிருப்பேன் அல்லவா. அவன் ஏற்றிக்கொண்டு வருவதற்குள், இன்னொரு கயிறு எடுத்து வருகிறேன் என்று நான் தெருப்பக்கம் நடந்துவிட்டேன்.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. நனைந்த ஜமுக்காளத்தை நாலு பேர் சேர்ந்து உதறினால் வருமே, அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

என் காரில்தான் அவனைத் திருச்சிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். வேறு யாருடைய காரும் வரவில்லை. சீட் பாழாகிவிடும் என்று யோசித்தார்கள். அவன் பெண்சாதி வேம்பு பின்சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, ஈரத்துணியை அவன் உதட்டில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவன் நினைவோடுதான் இருந்தான். "மொதலாளி, அது தின்னர் இல்லீங்க," என்றான். "சாருட்ட சொல்லிடுங்க." சொல்கிறேன்டா என்றேன். பாடாலூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

திரும்பி வந்தபோது சாமிதுரை பங்க் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சொன்னீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னேன் சார். வழக்கம்னுட்டான். கேக்கல."

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். நேற்றே சொல்லியிருந்தால், நேற்றே சொல்லியிருந்தால் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் தோளைத் தட்டி, தண்ணீர் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பேனாவை எடுக்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவர் எழுதியதைப் பார்த்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள், அதில் டேங்க்கைப் பற்றி இருக்கும், தன்னைத் திட்டிக்கொண்டு இருப்பார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாக இருக்காது.

தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். ராசாங்கம் மிச்சத் தின்னரையெல்லாம் அந்தக் கிணற்றில்தான் கொட்டி வந்திருக்கிறான், அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பட்டறையைப் பிரித்துவிட்டார்கள். சித்திரையில் நான் புது டேங்க் போட்டேன்; அந்த விபத்தைப் பார்த்த பிறகு ஊர் நன்மைக்காக முன்ஜாக்கிரதையாகப் போடுகிறேன் என்று சொன்னதற்கு எனக்கு மாலை போட்டார்கள். ஆடிக்குள் வாசனை போய்விட்டது. பட்டறை போனதும் வாசனை போயிற்று, இதைவிட என்ன ருசு வேண்டும் என்று ரெங்கம்மாள் இன்றைக்கும் கேட்கிறாள். எனக்கே சில சமயம் அப்படித்தானோ என்று தோன்றும்.

ஆகவே சார், ஐப்பசியிலேயே தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது யார் என்று அந்தக் காகிதத்தில் ஒரு இடம் இருந்தால் அதில் என் பெயரை எழுதலாம். நான் மறுக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என் எழுத்து தெளிவாக இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரியம் முடிந்த மறுநாளே வேம்புவை நான்தான் பங்க்கில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பெண் பிள்ளைகளையும் நான்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். வாசலில் பெருக்கிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். இத்தனை பெரிய ஊரில் அவளுடைய பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறாள். போகும்போது அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், சார். அந்தப் பெண்ணுக்கு இப்போது நம்பிக்கை என்று இருப்பது என்மேல் மட்டும்தான். அதையும் ஒருவர் அழிக்கலாமா?